கடன் மதிப்பெண்ணும் காவல்துறைச் சரிபார்ப்பும்: வேலையின் வாசலில் மறிக்கப்படுவது யார்?

பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டு ‘சர்க்கிள் பேஸ்டு ஆபீசர்’ என்னும் அலுவலர் பணியிடங்களுக்கு விண்ணப்பங்களைக் கோரியது. அதில் தேர்வாகிப் பணி ஆணையும் பெற்ற ஒருவரின் நியமனத்தை வங்கி 2021இல் ரத்து செய்தது. அவரது சிபில் அறிக்கை சாதகமாக இல்லை என்பதே காரணம். கடன்களை அடைத்துவிட்டதாகவும், ஆட்சேர்ப்பு அறிவிக்கை வெளியான நாளில் தம் பெயரில் நிலுவை எதுவும் இல்லை என்றும் அவர் வாதிட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. பொதுமக்களின் பணத்தைக் கையாளும் நிறுவனத்தில் நிதி ஒழுக்கம் இன்றியமையாதது. கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியவர்களும் பாதகமான சிபில் அறிக்கை உள்ளவர்களும் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே கூறப்பட்டிருந்தது. அதை ஏற்று விண்ணப்பித்தவர் பின்னர் எதிர்க்க முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

அது சாதி பற்றிய வழக்கு அல்ல. ஆயினும் இட ஒதுக்கீட்டின் வழியாக அரசுப் பணிக்கும் வங்கிப் பணிக்கும் வந்துசேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கவனமாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. தேர்வில் வென்ற பிறகும், சாதிச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்ட பிறகும், ஒருவரை வெளியே நிறுத்தும் அதிகாரம் இரண்டு ஆவணங்களுக்கு இன்று கிடைத்திருக்கிறது. ஒன்று கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை. மற்றொன்று காவல் நிலையத்தின் சரிபார்ப்பு அறிக்கை. இவை இரண்டும் ஒருவரது நடத்தையை அளப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன. உண்மையில் அவர் எந்தத் தெருவில் பிறந்தார், இடர் நேர்ந்தபோது அவருக்குக் கைகொடுக்க யார் இருந்தார்கள் என்பதையே பெரும்பாலும் பதிவு செய்கின்றன.

கடன் மதிப்பெண்ணின் உள்ளடக்கம்

சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்கு அடித்தளம் அமைத்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இயங்குகின்றன. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண், ஒருவருக்குக் கடன் கொடுத்தால் அவர் தவணை தவறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கடன் கொடுப்பவருக்குச் சொல்வதற்காக உருவாக்கப்பட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிக்குச் சொல்வதற்காக அல்ல.

வங்கிகளின் எழுத்தர் பணிக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் அறிவிக்கைகளிலும் இந்த நிபந்தனை நுழைந்தது. முதலில் குறைந்தபட்சம் 650 மதிப்பெண் என்று எண்ணால் வரையறுக்கப்பட்டது. பின்னர் எண் நீக்கப்பட்டு, பணியில் சேரும்போது ‘ஆரோக்கியமான கடன் வரலாறு’ இருக்க வேண்டும் என்றும், குறைந்தபட்ச அளவை அந்தந்த வங்கி முடிவு செய்துகொள்ளும் என்றும் மாற்றப்பட்டது. இதை ஒரு தளர்வு என்று கொள்வதில் எமக்குத் தயக்கம் உண்டு. எண் இருந்தவரை விண்ணப்பதாரருக்குத் தன் நிலை தெரிந்தது. இப்போது அது வங்கிக்கு மட்டுமே தெரியும்.

மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது சாதி கேட்கப்படுவதில்லை. வருமானமோ சொத்தோகூடச் சேர்க்கப்படுவதில்லை. தவணை உரிய நாளில் கட்டப்பட்டதா, கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டது, கடன் வரலாறு எவ்வளவு பழையது என்பனவே கணக்கில் வரும். ஆகவே இது பாகுபாடற்ற அளவுகோல் என்று வாதிடப்படுகிறது. ஆனால் தவணை தவறுவது எப்போது நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். தந்தைக்கு உடல்நிலை கெட்ட மாதத்தில், நிலமோ நகையோ வாடகை வரும் வீடோ வைத்திருக்கும் குடும்பம் தவணையைக் கட்டிவிடும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பம் மருந்து வாங்கும். இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளின் நேர்மையிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பரம்பரைச் சொத்தில் இருக்கிறது. அந்தச் சொத்து ஏன் ஒரு தெருவில் மட்டும் சேர்ந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்விக் கடனை எடுத்துக்கொள்வோம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலத்துடன் மேலும் ஓராண்டு தவணை விடுப்பு உண்டு. அதன்பின் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். கல்லூரி வளாக நேர்காணலில் வேலை பெற்றவர் கட்டிவிடுவார். போட்டித் தேர்வுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் படிக்கும் மாணவர் தவறுவார். பட்டியலினக் குடும்பங்களில் பட்டதாரிகள் அரசுப் பணித் தேர்வுகளை நோக்கித் திரும்புவதற்குக் காரணம், தனியார் துறையில் தங்களுக்கு வாசல் குறுகியது என்பதுதான். ஆக, வேலையில்லாததால் கடன் நிலுவையாகிறது. கடன் நிலுவையானதால் வேலை மறுக்கப்படுகிறது. மதிப்பெண் குறைவு என்பதைக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. கடன் வாங்க வரும் மாணவருக்கு மதிப்பெண் தடையாகக் கூடாது என்றால், அந்தக் கடனை அடைக்க வேலைக்கு வரும் மாணவருக்கு மட்டும் அது எப்படித் தடையாகலாம்?

மகளிர் குழுக்கடன்களின் கதையும் இதன் இன்னொரு முகம். நுண்கடன் நிறுவனங்கள் குழுவாகக் கடன் கொடுத்தாலும், ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் தனித்தனியாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் போகிறது. வீட்டுச் செலவுக்காக, பெரும்பாலும் கணவருக்காகவோ மாமியாருக்காகவோ, இளம்பெண் ஒருத்தியின் பெயரில் கடன் எடுக்கப்படுகிறது. அவள் பட்டம் பெற்றவளாக இருந்து வங்கித் தேர்வு எழுதினால் அந்தக் கடன் அவள் கணக்கில்தான் நிற்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கடனை முழுமையாகக் கட்டினால் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று பதியப்படும். வங்கியே அழைத்து, அசலில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்து, ஒரே தவணையில் முடித்துக்கொள்ளச் சொன்னால் ‘செட்டில்டு’ என்று பதியப்படும். இரண்டாவது சொல் ஒரு கறை. லோக் அதாலத்தில் சமரசமாக முடித்துக்கொண்ட பல பெற்றோருக்கு, தங்கள் பிள்ளையின் பெயரில் இந்தச் சொல் ஏறியிருப்பது தெரியாது. இத்தகைய தகவல்களைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்கின்றன.

நிதி ஒழுக்கம் என்ற சொல்லை வங்கிகள் உச்சரிக்கும்போது ஒரு கணக்கையும் நினைவில் கொள்ளலாம். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே 2023இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதில் ஏறத்தாழ பாதி பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுடையது. கணக்கிலிருந்து நீக்குவது என்பது தள்ளுபடி அல்ல, வசூல் முயற்சி தொடரும் என்று வங்கிகள் சொல்வது சட்டப்படி சரிதான். ஆனால் அந்த நிறுவன முதலாளிகளின் பிள்ளைகள் எழுத்தர் பணிக்கு விண்ணப்பிப்பதில்லை.

கடன் வரலாறு மோசமாக இருப்பவர் பணியிடத்தில் திருடுவார் அல்லது சரியாக வேலை செய்யமாட்டார் என்பதற்குச் சான்று உண்டா? இந்தக் கேள்வி அமெரிக்காவின் ஆரெகன் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் 2010இல் எழுந்தது. அங்கே சாட்சியம் அளித்த டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் பிரதிநிதி, கடன் அறிக்கையில் உள்ளவற்றுக்கும் பணித் திறனுக்கும், அல்லது மோசடி செய்யும் வாய்ப்புக்கும், புள்ளியியல் தொடர்பைக் காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆரெகன் அதே ஆண்டு, பெரும்பாலான வேலைகளுக்குக் கடன் வரலாற்றைப் பார்ப்பதைத் தடை செய்தது. அந்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம்தான் இன்று நம் சிபிலின் பெரும்பான்மைப் பங்குதாரர்.

‘சந்தேகத்தின் பலன்’

காவல்துறைச் சரிபார்ப்பின் கதை இதைவிடப் பழையது. நமக்கு இன்னும் நெருக்கமானது. பிரிட்டிஷ் அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு சமூகத்தில் பிறப்பதையே குற்றப் பதிவாக்கியது. சென்னை மாகாணத்துக்கு 1911இல் அது விரிவாக்கப்பட்டது. இங்கே 1947இலும், நாடு முழுவதற்கும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948இலேயே வந்து அமர்ந்துவிட்டது. குறவர், இருளர் மக்கள் மீது ஊரில் நடக்கும் எந்தத் திருட்டையும் சுமத்தும் வழக்கம் எப்படித் தொடர்ந்தது என்பதைத் திரைப்படமாகப் பார்த்த பிறகுதான் பலர் நம்பினார்கள். சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று அளித்த தீர்ப்பில், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்க உத்தரவிட்டதுடன், ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல் சீர்மரபினரைக் குறிவைக்கப் பயன்பட்டு வந்ததையும் சுட்டிக்காட்டியது.

இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர், விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

சிறைக்குப் போகாதவர் மீதும் பதிவு உண்டு. கிராமத்தில் சாதி மோதல் நடக்கிறது. தலித் தரப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கிறது. அன்று மாலைக்குள் எதிர்த் தரப்பிடமிருந்து ஒரு புகார் வாங்கப்பட்டு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்ற பழகிப்போன பிரிவுகளில், கூட்டமாக இருந்தால் 147, 148 சேர்த்து, ‘எதிர்வழக்கு’ பதிவாகும். எண்கள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் மாறிவிட்டன, வழக்கம் மாறவில்லை. முதல் தகவல் அறிக்கையில் ‘மற்றும் சிலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தச் ‘சிலர்’ யார் என்பது பிறகு முடிவாகும். கல்லூரிக்குப் போகிற, காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற இளைஞர்களின் பெயர்கள் அதில் வந்து சேர்வதைக் களத்தில் இருப்போர் அனைவரும் அறிவார்கள். மனுவைத் திரும்பப் பெற வைக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று வட மாநிலங்களில் நடந்த முழு அடைப்பின்போது ஆயிரக்கணக்கான தலித் இளைஞர்கள் மீது வழக்குகள் பதிவாயின. அவற்றைத் திரும்பப் பெறுவது, அவ்வாண்டின் இறுதியில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அமைந்த புதிய அரசுகளுக்கு ஆதரவு தருவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே ஆனது. ஒரு போராட்டம் முடிந்தபின் அதன் வழக்குகளைத் திரும்பப் பெறச் சொல்வது பழைய பகையை மறக்கும் அரசியல் சடங்கு மட்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். வேலைவாய்ப்பின் கண் கொண்டு பார்த்தால் அது ஒரு தலைமுறையின் கோரிக்கை.

வழக்கில் விடுதலையானால் போதாதா? தமிழ்நாட்டில் போதாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) விதி, குற்ற வழக்கில் ‘தொடர்புடையவர்’ காவலர் பணிக்குத் தகுதியற்றவர் என்கிறது. அதன் முதல் விளக்கம், சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரும், குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரும்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படலாம் என்கிறது. இந்த விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் தீர்ப்பளித்தது. ‘மாண்புடன் விடுதலை’ பெற்றவருக்கு மட்டுமே வழி உண்டு.

மாண்புடன் விடுதலை என்றால் என்ன? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியதைப் படித்தால் வியப்பாக இருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை; நீதிமன்றங்களே உருவாக்கிய சொல் அது; துல்லியமாக வரையறுப்பது கடினம். அரசு தரப்புச் சான்றுகளை முழுமையாக ஆராய்ந்து, குற்றச்சாட்டை நிரூபிப்பதில் அரசு தரப்பு முற்றிலும் தோற்றது என்று நீதிமன்றம் கண்டால் அதை மாண்புடன் விடுதலை எனலாம். நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சாட்சி ஒருவர்கூட ஒழுங்காகச் சொல்லாத வழக்கிலும், ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்ற வாக்கியம் கைப்பழக்கமாக வந்து விழும். தட்டச்சுப் பழக்கம் ஒன்று, ஒரு இளைஞரின் காவலர் பணியைத் தீர்மானிக்கிறது. ‘செட்டில்டு’ என்ற சொல் கடன் அறிக்கையில் செய்யும் வேலையை இந்த வாக்கியம் இங்கே செய்கிறது.

சமரசத்தின் விலை இதிலும் உண்டு. டெல்லி காவல் ஆணையர் மேல்முறையீடு செய்த ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், சமரசத்தின் வழியாகவோ சாட்சிகள் பிறழ்ந்ததாலோ கிடைத்த விடுதலையைத் தேர்வுக் குழு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. ஊரில் அமைதிக் கூட்டம் நடத்தி, ‘ரெண்டு பக்கமும் ராஜியாகிடுங்க’ என்று சொல்லும் காவல் ஆய்வாளரும் வட்டாட்சியரும் இதைச் சொல்லமாட்டார்கள். வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் பிறழ்கிறார்கள். எதிர்வழக்கின் சாட்சிகளும் பிறழ்கிறார்கள். இரு தரப்பும் விடுதலை. ஆதிக்கச் சாதி இளைஞர்களுக்கும் இந்த விதி பொருந்தும், அவர்களிலும் அரசு வேலையை எதிர்நோக்குபவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் நிலமும் கடையும் உள்ள வீட்டில் அது பல வழிகளில் ஒரு வழி அடைபடுவது. காலனியில் பல நேரங்களில் இருக்கும் ஒரே வழி அடைபடுவது.

அந்த விதியின் இரண்டாவது விளக்கம் இன்னும் கொடுமையானது. சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பின்னர் மாண்புடன் விடுதலையானாலோ, புகார் தவறானது என்று காவல்துறையே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என முடித்தாலோ, அவர் அடுத்த ஆட்சேர்ப்பில் மீண்டும் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26, பட்டியலினத்தவருக்கு 31. அடிதடி வழக்கு நடுவர் நீதிமன்றத்தில் முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆவது இயல்பு. இட ஒதுக்கீடு கொடுத்த ஐந்தாண்டு வயதுச் சலுகையை ஒரு பொய்ப் புகார் அப்படியே விழுங்கிவிடும்.

உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு குரலும் உண்டு. 2011இல் டெல்லி காவலர் தேர்வு தொடர்பான வழக்கில், இளமையில் செய்யும் சிறு பிழைகளுக்காக வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தக் கூடாது என்றது. 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. இளவயதில் முழக்கம் எழுப்பியது போன்ற அற்ப வழக்காக இருந்தால், அதில் தண்டனையே கிடைத்திருந்தாலும், அதைக் குறிப்பிடாததை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்கிறது அது. மாணவ இயக்கத் தோழர்கள் இந்த வரியை அறிந்திருக்க வேண்டும். 2024இல், கிராமத்து இளைஞர் ஒருவரின் உத்தரப் பிரதேசக் காவலர் பணி நியமனத்தை மீட்டுக் கொடுத்த தீர்ப்பும், படிவத்தில் சொல்லாமல் விட்டது எல்லா வேளையிலும் பதவியைப் பறிக்கும் குற்றமாகாது என்றது. ஆனால் ‘மன்னிக்கலாம்’ என்பது அதிகாரியின் விருப்பம். விருப்பம் எந்தத் தெருவுக்குச் சாதகமாகச் சாயும் என்பது ஊகிக்கக்கூடியதே.

தனியார் துறையில் இந்த அளவு விதியும் இல்லை. சரிபார்ப்பு முகமைகள் நீதிமன்ற இணையத் தளங்களில் பெயரைத் தேடுகின்றன. ஒரே பெயர், ஒரே ஊர், தந்தை பெயரில் ஓர் எழுத்து வேறுபாடு என்றால் பிறர் வழக்கும் ஒட்டிக்கொள்ளும். வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள வழி விட்டிருக்கிறது.

அமெரிக்காவில் கற்ற பாடம்

கறுப்பின மக்கள் இதே சுவரில் நமக்கு முன்பே மோதியவர்கள். 2003இல் வெளியான தேவா பேஜரின் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுடைய இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்கச் செய்தார் அவர். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 விழுக்காடும், பதிவு உள்ள வெள்ளையருக்கு 17 விழுக்காடும் அழைப்பு வந்தது. பதிவு இல்லாத கறுப்பினத்தவருக்கு 14, பதிவு உள்ளவருக்கு 5. சிறை சென்ற வெள்ளையரைவிடச் சிறை செல்லாத கறுப்பினத்தவருக்குக் குறைவான அழைப்பு. அங்கே தோலின் நிறமே ஒரு குற்றப் பதிவு.

விண்ணப்பப் படிவத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்கும் கட்டத்தை நீக்கக் கோரிய இயக்கம் ‘பேன் தி பாக்ஸ்’ என்று பெயர் பெற்றது. பல மாநிலங்கள் அதை ஏற்றன. ஒன்றிய அரசுப் பணிகளுக்கு 2019இல் சட்டமாகி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே கேள்வி முற்றாக ஒழிக்கப்படவில்லை. வேலை தர முடிவு செய்த பிறகே கேட்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது.

ஆனால் இதில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. அமண்டா அகன், சோன்யா ஸ்டார் இருவரும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். கட்டம் இருந்தபோது, அதே நிறுவனங்களில் வெள்ளையர் பெயருக்குக் கறுப்பினப் பெயரைவிட 7 விழுக்காடு கூடுதல் அழைப்பு. கட்டம் நீக்கப்பட்ட பிறகு 43 விழுக்காடு கூடுதல். பதிவைப் பார்க்க முடியாத முதலாளி பெயரைப் பார்த்து ஊகித்துக்கொண்டார். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடன் அனுப்பிய விண்ணப்பங்களில் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கேள்வியை நீக்கினால் தீர்ந்துவிடும் என்று நாம் நம்ப முடியாது.

சரிபார்ப்பையே ஒழிக்க வேண்டும் என்று கோருவதிலும் நமக்கு இடர்ப்பாடு உண்டு. வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவர் காவல் நிலைய எழுத்தராக அமர்வதையோ, குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் ஆதிதிராவிடர் நல விடுதியின் காப்பாளராவதையோ நாம் ஏற்கமாட்டோம். கேட்க வேண்டியது, எந்தப் பதிவு, எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதே. மிசூரி பசிபிக் ரயில்வே வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1975இலேயே இதற்கு அளவுகோல் தந்தது: குற்றத்தின் தன்மையும் கடுமையும், அதன்பின் கடந்த காலம், வேலையின் தன்மை. இந்த மூன்றையும் பாராமல் தண்டனை பெற்ற அனைவரையும் ஒட்டுமொத்தமாக விலக்கிய விதி செல்லாது என்றது.

அந்தத் தீர்ப்பின் வேர் 1971ஆம் ஆண்டின் டியூக் பவர் வழக்கில் இருக்கிறது. நோக்கத்தில் பாகுபாடு இல்லாவிட்டாலும், ஒரு நிபந்தனை கறுப்பினத்தவரை அதிக அளவில் வெளியே தள்ளுமானால், அது அந்த வேலைக்குத் தேவையானது என்று முதலாளி நிறுவ வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இந்திய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், இராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில், அந்தத் தீர்ப்பை ஆராய்ந்து, மறைமுகப் பாகுபாடும் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதே என்று ஏற்றுக்கொண்டது. எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும் அளவுகோல், வரலாற்றுச் சுமை உடைய பிரிவினர் மீது கூடுதலாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் மையம். 14(பி) விதியையும் வங்கிகளின் சிபில் நிபந்தனையையும் இந்தக் கண்ணாடியில் பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க இடம் இருக்கிறது. முழு அமர்வின் தீர்ப்பு 2008இல் வந்தது. நிதிஷா அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிந்தையது. இதற்குத் தரவு வேண்டும். காவலர் தேர்வில் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டோரில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், சீர்மரபினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டவாரியாகக் கேட்பது மாணவ அமைப்புகள் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. வங்கித் தேர்வுக்குப் படிப்போர் விண்ணப்பிக்கும் முன்பே நான்கையும் பெற்றுப் பார்ப்பது நல்லது. பிழை இருந்தால் புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடனைச் சமரசமாக முடிக்க நேர்ந்தால், நிலுவை இல்லைச் சான்றைக் கையில் வாங்காமல் வங்கியை விட்டு வரக் கூடாது.

சான்றுறுதிப் படிவத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு. முடிந்துபோன வழக்கு, தள்ளுபடியான வழக்கு, 18 வயதுக்கு முந்தைய வழக்கு எனக் கேள்வியின் சொற்களைப் பார்த்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகு கையொப்பமிட வேண்டும். சிறுவர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறார் வயதில் நிகழ்ந்ததைத் தகுதியிழப்பாகக் கொள்ளக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு துணை நிற்கும்.

எதிர்வழக்குகளை நடத்தும் நம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதலை கிடைத்தால் போதும் என்று முடித்துவிடாமல், இறுதி வாதத்திலேயே, அரசு தரப்பு குற்றச்சாட்டை நிரூபிக்க முற்றிலும் தவறியது என்று தீர்ப்பில் தெளிவாகப் பதிவு செய்யுமாறு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். புகாரே பொய் என்று காவல்துறை முடித்திருந்தால் அந்த இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகலை அன்றே வாங்கிக் கொடுங்கள். அமைதிக் கூட்டத்தில் ராஜிப் பத்திரம் நீட்டப்படும்போது, எதிரிகள் பட்டியலில் யாருக்கு 31 வயது நெருங்குகிறது என்று முதலில் பாருங்கள்.